'எழுத்துல இருக்கா சார்?' - கட்டுமான ஒப்பந்த நிர்வாகம் எங்கே போகிறது?

ஒரு நகராட்சியில் பாதாளச் சாக்கடைக்குப் பள்ளம் தோண்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். டெண்டரில் போட்டிருப்பது சாதாரண மண். ஒன்றரை மீட்டர் ஆழம் போனதும் ஜேசிபியின் பல்லில் தீப்பொறி பறக்கிறது. கீழே பாறை.

ஒப்பந்தக்காரர் ஜூனியர் இன்ஜினீயருக்குப் போன் போடுகிறார். "சார், பாறை வந்துடுச்சு. பிரேக்கர் வைக்கணும், ரேட் மாறும்." பதில் வருகிறது: "வேலையை நிறுத்தாதீங்க. வெட்டிட்டுப் போங்க, எம்-புக்ல பாத்துக்கலாம்."

வெட்டுகிறார்கள். குழாய் பதிக்கிறார்கள். ரோட்டில் பள்ளத்தைத் திறந்தே வைக்க முடியாது, அன்றைக்கே மூடியும் விடுகிறார்கள். நான்கு மாதம் கழித்து பில் போகும்போது அந்த இன்ஜினீயர் வேறு ஊருக்கு மாறுதலாகிப் போயிருக்கிறார். புதிதாக வந்தவர் கேட்பது ஒரே கேள்வி: "பாறைன்னு எழுத்துல இருக்கா?"

பேச்சுக்கு ஒரு கணக்குப் போடுவோம். பள்ளத்தின் அகலம் 1.2 மீட்டர், பாறையின் ஆழம் 1.5 மீட்டர், நீளம் 200 மீட்டர். மொத்தம் 360 கன மீட்டர். மண்ணுக்கும் பாறைக்கும் கன மீட்டருக்கு 1,200 ரூபாய் வித்தியாசம் என்றால் 4.32 லட்சம். பெரிய கம்பெனிக்கு இது ஒன்றுமில்லை. இரண்டு ஜேசிபியை இஎம்ஐயில் வாங்கி ஓட்டுகிற சப்-கான்ட்ராக்டருக்கு, இந்த வேலையில் கிடைக்கவேண்டிய லாபம் மொத்தமும் இதுதான். ஆதாரமோ மண்ணுக்கு அடியில் புதைந்து கிடக்கிறது.

இந்த 4.32 லட்சத்தை யார் தாங்குவது என்பதைத் தீர்மானிக்கிற வேலைக்குப் பெயர்தான் 'கான்ட்ராக்ட் அட்மினிஸ்ட்ரேஷன்', அதாவது ஒப்பந்த நிர்வாகம். கையெழுத்துப் போடும் வரை நடப்பதெல்லாம் டெண்டர். கையெழுத்துக்குப் பிறகு கடைசி ரிடென்ஷன் தொகை கைக்கு வரும் வரை நடக்கிற அளவெடுப்பு, பில், மாற்று உத்தரவு, கால நீட்டிப்பு, நோட்டீஸ், கிளெய்ம் எல்லாம் இதற்குள் வரும். வெளியில் அதிகம் பேசப்படாத வேலை இது. டிஜிட்டல் அளவுப் புத்தகம், ஏஐ, அரசின் புதிய உத்தரவுகள் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழுவதால் இப்போது வேகமாக மாறிக்கொண்டிருக்கிறது.

எம்-புக் என்னும் பழைய சாட்சி

அரசு வேலைகளில் பணம் வெளியே வருவதற்கான வாசல், அளவுப் புத்தகம். மெஷர்மென்ட் புக்கைச் சுருக்கி எம்-புக் என்பார்கள். பக்க எண் அச்சிட்ட நோட்டு அது. பக்கத்தைக் கிழிக்கக் கூடாது, அழிப்பான் போடக் கூடாது. தப்பாக எழுதினால் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். கீழ்நிலைப் பொறியாளர் அளந்து எழுத, மேலதிகாரி ஒரு பங்கை நேரில் சரிபார்ப்பார். பிரிட்டிஷ் காலத்திலிருந்து வருகிற முறை என்றாலும் அதன் தர்க்கம் சரியானது. அளந்தவர், அளந்த இடத்தில், அளந்த நாளில் எழுத வேண்டும் என்பதுதான் அது.

நடைமுறை வேறு. வேலை நடக்கும் நாளில் எழுதாமல், பில் போடும் நாளில் மொத்தமாக எழுதுவது பல இடங்களில் வழக்கம். ஃபண்ட் வந்த பிறகுதான் புத்தகமே திறக்கும் என்று கான்ட்ராக்டர்கள் சொல்வதைக் கேட்கலாம். அப்படி எழுதினால், பள்ளத்துக்குள் இருந்த பாறை புத்தகத்துக்குள் வருமா வராதா என்பது எழுதுபவரின் நினைவையும் மனதையும் பொறுத்தது.

மத்திய நிதி அமைச்சகம் 2021 அக்டோபர் 29 அன்று வெளியிட்ட கொள்முதல், திட்ட மேலாண்மை அறிவுறுத்தல்கள் இந்த இடத்தில்தான் கை வைத்தன. மின்னணு அளவுப் புத்தகத்துக்கு மாறச் சொன்னதோடு, பில்லுக்கும் கெடு வைத்தன. பில் கொடுத்த 10 வேலை நாட்களுக்குள் குறைந்தது 75 சதவீதத்தைத் தற்காலிகமாகக் கொடுத்துவிட வேண்டும். மீதியை முழுச் சரிபார்ப்புக்குப் பிறகு, பில் கொடுத்த நாளிலிருந்து 28 வேலை நாட்களுக்குள் தர வேண்டும். குறைந்த விலைக்கே வேலை என்ற 'எல்1' முறையைத் தாண்டி, தேர்ந்தெடுத்த பணிகளில் தரத்துக்கும் மதிப்பெண் தரலாம் என்று அனுமதித்ததும் இதே ஆவணம்தான்.

இது மத்திய அரசுத் துறைகளுக்கான அறிவுறுத்தல். நம் நகராட்சிப் பள்ளத்தை இது நேரடியாகக் கட்டுப்படுத்தாது. மத்தியத் துறைகளிலும்கூட, உத்தரவு இருப்பது ஒன்று, கெடு தாண்டினால் என்ன ஆகும் என்பது வேறொன்று. அதற்குப் பின்னால் வருகிறேன்.

மின்னணு அளவுப் புத்தகத்தில் ஒரு நல்ல விஷயம் உண்டு. என்றைக்கு, எத்தனை மணிக்குப் பதிவானது என்பதை மாற்றுவது கடினம். இடக்குறியீட்டோடு படம் சேர்க்கலாம். ஆனால் பதிவு செய்ய வேண்டியவர் பதிவே செய்யவில்லை என்றால் சாஃப்ட்வேர் என்ன செய்யும்? தாமதமாக எழுதிய நோட்டுக்குப் பதில், தாமதமாக நிரப்பிய ஸ்க்ரீன். அவ்வளவுதான்.

28 நாள்

சர்வதேசக் கடனில் நடக்கிற பெரிய திட்டங்களில் 'ஃபிடிக்' என்ற பெயரை அடிக்கடி கேட்பீர்கள். 1913-ல் தொடங்கிய, ஆலோசனைப் பொறியாளர்களின் சர்வதேசக் கூட்டமைப்பு அது. 1957-ல் அது வெளியிட்ட கட்டுமான ஒப்பந்த மாதிரியின் வாரிசுதான் இன்றைய 'ரெட் புக்'. ஜைக்கா, ஆசிய வளர்ச்சி வங்கி போன்றவை கடன் கொடுக்கும் திட்டங்களில் இந்த மாதிரியைத் தழுவிய விதிகளே பெரும்பாலும் வரும்.

அதன் 1999 பதிப்பில், பிரிவு 20.1 இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு மனப்பாடம். கூடுதல் பணமோ கூடுதல் நாளோ வேண்டுமென்றால், காரணம் தெரிந்த, அல்லது தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 28 நாட்களுக்குள் ஒப்பந்தக்காரர் நோட்டீஸ் தர வேண்டும். தவறினால் உரிமை போச்சு. பாறை நிஜமாகவே இருந்தாலும் போச்சு. 2017-ல் வந்த இரண்டாம் பதிப்பு இந்தக் கெடுவை வேலை கொடுக்கும் தரப்புக்கும் பொதுவாக்கியது. (இப்படி உரிமையையே அறுக்கும் விதி இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 28-வது பிரிவுக்கு முன்னால் நிற்குமா என்பது தனி விவாதம். அந்த விவாதத்தில் ஜெயிப்பதைவிட நோட்டீஸ் கொடுத்துவிடுவது மலிவு.)

நம் ஊரில் சிக்கல் சட்டத்தில் இல்லை. "லெட்டர் போட்டா சார் கோவிச்சுக்குவாரு" என்ற பயத்தில் இருக்கிறது. ஒரு கடிதம் எழுதினால் உறவு கெட்டுவிடும், அடுத்த பில் நிற்கும், அடுத்த டெண்டரில் கவனிப்பார்கள் என்று நினைப்பதால் எல்லாமே போனில் நடக்கிறது. இந்தப் பயம் கற்பனை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கடைசியில் தகராறு வரும்போது, போனில் பேசிய நல்லுறவுக்கு ஃபைலில் ஒரு பக்கமும் இருக்காது.

பிரிட்டனில் உருவான 'என்.இ.சி' ஒப்பந்தங்கள் இதை வேறு மாதிரி அணுகின்றன. 1993-ல் முதல் பதிப்பு, 2017-ல் நான்காவது. சிக்கல் வரப்போகிறது என்று தெரிந்த உடனேயே இரு தரப்பும் 'முன் எச்சரிக்கை' கொடுத்தாக வேண்டும் என்பது அதில் கடமை. கடிதம் எழுதுவது அங்கே சண்டைக்கான அறிகுறி இல்லை, வேலையின் ஒரு பகுதி. மாற்றத்தின் விலையை அது நடக்கும்போதே பேசி முடிக்க வேண்டும், மேனேஜர் பதில் சொல்லாமல் இழுத்தால் சில கட்டங்களில் ஒப்பந்தக்காரர் கேட்டதை ஏற்றுக்கொண்டதாகவே ஆகிவிடும். ஹாங்காங் அரசு தன் பணிகளில் இதைப் பெரிய அளவில் பின்பற்றுகிறது. பள்ளத்தை மூடிய பிறகு பாறையைப் பற்றிப் பேசும் நிலைமையே வரக் கூடாது என்பதுதான் இதன் அடிப்படை.

ஒரு நோட்டீஸின் விலை

நோட்டீஸ், கெடு, சான்றிதழ் என்பதெல்லாம் கிளார்க் வேலை என்று நினைப்பவர்கள் டெல்லி விமான நிலைய மெட்ரோ வழக்கைப் பார்க்கலாம். 2008-ல் டெல்லி மெட்ரோ நிறுவனமும் ரிலையன்ஸ் இன்ஃப்ராவின் துணை நிறுவனமும் போட்ட ஒப்பந்தம் அது. கட்டுமானக் குறைபாடுகள் காரணமாக 2012 ஜூலையில் ரயில்கள் நிறுத்தப்பட்டன. 90 நாட்களுக்குள் குறைகளைச் சரிசெய்யுங்கள் என்று தனியார் நிறுவனம் நோட்டீஸ் கொடுத்தது. சரியாகவில்லை என்று சொல்லி அக்டோபரில் ஒப்பந்தத்தை முறித்தது.

அந்த 90 நாளுக்குள் நடந்தது என்ன? குறையை முழுசாகத் தீர்த்திருக்க வேண்டுமா, தீர்ப்பதற்கான உருப்படியான முயற்சி இருந்தால் போதுமா? பின்னர் 2013 ஜனவரியில் பாதுகாப்பு ஆணையர் கொடுத்த சான்றிதழுக்கு என்ன எடை? வழக்கு இதைச் சுற்றித்தான் நடந்தது. 2017-ல் நடுவர் தீர்ப்பு தனியார் நிறுவனத்துக்குச் சாதகமாக வந்தது. 2021-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2024 ஏப்ரல் 10-ல், கியூரேட்டிவ் மனுவில் அதே உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பு செல்லாது என்றது. வட்டியோடு சேர்த்து அப்போது பேசப்பட்ட தொகை சுமார் 8,000 கோடி ரூபாய்.

பள்ளத்துப் பாறைக்கும் இதற்கும் தொகையில்தான் தூரம். என்ன நடந்தது, எப்போது நடந்தது, யார் சான்று கொடுத்தார் என்ற கேள்விகள் ஒன்றே.

ஆர்பிட்ரேஷன் சுருங்குகிறது

2024 ஜூன் 3-ம் தேதி நிதி அமைச்சகம் இன்னொரு சுற்றறிக்கை விட்டது. உள்நாட்டு அரசுக் கொள்முதல் ஒப்பந்தங்களில் நடுவர் தீர்ப்பாயப் பிரிவை இனி வழக்கமாகச் சேர்க்க வேண்டாம், சேர்ப்பதாக இருந்தால் பொதுவாக 10 கோடிக்குக் குறைவான தகராறுகளுக்கு மட்டும் என்றது. மற்றவற்றை சமரசத்தில் பேசுங்கள், இல்லையென்றால் நீதிமன்றம் போங்கள் என்பது அதன் சாரம். பொதுத்துறை நிறுவனங்களுக்கும் இது பொருந்தும்.

அரசின் வாதத்தில் நியாயம் இருக்கிறது. வேகமாக, மலிவாக முடியும் என்று கொண்டுவந்த ஆர்பிட்ரேஷன் இரண்டுமாக இல்லை. தீர்ப்பு வந்த பிறகும் அதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போவது வழக்கமாகிவிட்டது. ஆனால், அப்படிக் கோர்ட்டுக்குப் போனவர்களில் முக்கியமானவர் யார் என்று கேட்டால் பதில் அரசுத் துறைகள்தான். அந்தத் தேக்கத்தைக் குறைக்கவே 2023-ல் 'விவாத் சே விஷ்வாஸ்' இரண்டாம் திட்டம் வந்தது. கோர்ட் தீர்ப்பு இருந்தால் தொகையில் 85 சதவீதம் வரை, நடுவர் தீர்ப்பு என்றால் 65 சதவீதம் வரை வாங்கிக்கொண்டு வழக்கை முடித்துக்கொள்ளலாம். ஜெயித்தவரே முப்பத்தைந்து சதவீதத்தை விட்டுக்கொடுத்து வாங்கிப் போகலாம் என்று அரசே சொல்கிறது என்றால், காத்திருப்பின் விலை எவ்வளவு என்று புரிந்துகொள்ளலாம்.

இதனால் சைட்டில் என்ன மாறும்? பிற்காலத்தில் நடுவரிடம் பேசிக்கொள்ளலாம் என்ற தெம்பு போய்விடுகிறது. சமரச மேஜையில் அரசு அதிகாரி ஒரு தொகைக்குச் சம்மதிக்க வேண்டுமானால், நாளைக்குத் தணிக்கையில் காட்ட அவருக்குக் காகிதம் வேண்டும். அன்றன்றைக்கு எழுதிய பதிவு இல்லாதவருடன் சமரசம் பேச, நல்ல அதிகாரியும் பயப்படுவார்.

ஏஐ வந்தால்?

நானூறு பக்க ஒப்பந்தத்தைப் படித்து, எந்தப் பிரிவில் எத்தனை நாள் கெடு என்று பட்டியல் போடுவதை ஏஐ கருவிகள் ஏற்கெனவே செய்கின்றன. ஆயிரக்கணக்கான கடிதங்களில் குறிப்பிட்ட ஒரு தாமதத்தைப் பற்றிய வரிகளை மட்டும் பொறுக்கி எடுப்பதும் அப்படித்தான். கிளெய்ம் கன்சல்டன்டிடம் சேர்ந்த ஜூனியர்கள் மாதக்கணக்கில் செய்த வேலை அது. ட்ரோன் பறக்கவிட்டு மண்மேட்டின் கன அளவைக் கணக்கிடுவதும் இப்போது சாதாரணம். 'பிம்' என்கிற முப்பரிமாண மாதிரியில் டிசைனை மாற்றினால் கான்கிரீட்டின் அளவும் சேர்ந்து மாறும்.

கடிதம் எழுதப் பயந்தவருக்கும் ஆங்கிலம் தடுமாறியவருக்கும் இதனால் நிஜமான லாபம் இருக்கிறது. "பாறை வந்திருக்கு, ரேட் வேணும்" என்று தமிழில் சொன்னால், பிரிவு எண்ணோடு முறையான கடிதம் இரண்டு நிமிடத்தில் தயார். என் கணிப்பில், ஏஐயால் அதிகம் பலன் பெறப்போவது பெரிய கம்பெனிகள் அல்ல, இந்தச் சின்னவர்கள்தான். பெரியவர்களிடம் ஏற்கெனவே ஆள் இருக்கிறது.

ஆபத்தும் கூடவே வருகிறது. எழுதுவது சுலபமானால் எல்லோரும் எழுதுவார்கள். தினம் ஐம்பது நோட்டீஸ், அதற்கு ஐம்பது பதில், அவையும் மெஷின் எழுதியவை. நிஜமான எச்சரிக்கை அந்தக் குவியலில் காணாமல் போகும். இல்லாத பிரிவையும் இல்லாத தீர்ப்பையும் நம்பிக்கையோடு மேற்கோள் காட்டும் பழக்கமும் இந்தக் கருவிகளுக்கு உண்டு. 2023-ல் நியூயார்க்கில், சாட்ஜிபிடி கற்பனையாகக் கொடுத்த வழக்குகளை அப்படியே கோர்ட்டில் தாக்கல் செய்த வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது.

அதைவிட முக்கியம், பள்ளத்துக்குள் பாறை இருந்ததா என்பது எந்த ஏஐக்கும் தெரியாது. யாராவது அங்கே நின்று, லெவல் எடுத்து, பதிவு செய்திருக்க வேண்டும்.

அந்தப் பதிவு எப்படி இருக்க வேண்டும் என்பதிலும் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய சாக்ஷிய அதினியம் நடைமுறையில் உள்ளது. மின்னணு ஆவணத்தைக் கோர்ட்டில் தர அதன் 63-வது பிரிவு சான்றிதழ் கேட்கிறது. கோப்பின் 'ஹேஷ்' மதிப்பையும் அதில் குறிப்பிட வேண்டும். ஹேஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி. ஒரு புள்ளி மாறினாலும் அதுவும் மாறிவிடும். நடுவர்கள் சாட்சியச் சட்டத்துக்கு அப்படியே கட்டுப்பட்டவர்கள் இல்லை. ஆனால் தகராறுகள் கோர்ட்டை நோக்கி நகரும்போது இது கணக்கில் வரும். சைட் குரூப்பில் ஃபார்வேர்டு ஆன வாட்ஸ்அப் படத்தில், எங்கே எப்போது எடுத்தது என்ற உள்தகவல் நீங்கியிருக்கும். மூலப் படம் இருந்த போனையோ எப்போதோ எக்ஸ்சேஞ்சில் போட்டிருப்பார்கள்.

ஆப் அல்ல, கெடு

இந்தத் துறையின் எதிர்காலம் பற்றிப் பேசும் கருத்தரங்குகளில் பிளாக்செயின், ஸ்மார்ட் கான்ட்ராக்ட் என்று நிறைய கேட்கலாம். வேலை முடிந்ததும் பணம் தானாகவே போய்ச் சேரும் என்பார்கள். பணம் தாமதமாவது தொழில்நுட்பம் இல்லாததால் என்று நான் நினைக்கவில்லை. தாமதித்தால் தாமதித்தவருக்கு ஒன்றும் ஆவதில்லை, அதனால்தான்.

சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வேலை பார்த்த நம் ஊர் குவான்டிட்டி சர்வேயரிடம் கேட்டுப் பாருங்கள். சிங்கப்பூரில் 2005 முதல் பணப் பாதுகாப்புச் சட்டம் ஒன்று இருக்கிறது. பில் கொடுத்தால் குறித்த நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். தராவிட்டால் அட்ஜுடிகேட்டரிடம் போகலாம், சில வாரங்களில் முடிவு வந்துவிடும். முதலில் பணத்தைக் கொடு, மிச்சச் சண்டையைப் பிறகு போடு என்பதுதான் கொள்கை. "எனக்கு வந்தாதான் உனக்கு" என்று மெயின் கான்ட்ராக்டர் சப்-கான்ட்ராக்டரிடம் சொல்வது அங்கே செல்லாது. மலேசியா 2012-ல் இதே போலச் சட்டம் இயற்றியது. இவர்களுக்கெல்லாம் முன்னோடி பிரிட்டனின் 1996 சட்டம். அதில் அட்ஜுடிகேட்டருக்குப் பொதுவான கெடு 28 நாள்.

இந்தியாவில் கட்டுமானத்துக்கென்று இப்படி ஒரு சட்டம் இல்லை. அருகில் வருவது 2006-ன் எம்எஸ்எம்இ வளர்ச்சிச் சட்டம். குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும், தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு கூட்டு வட்டி. அந்தக் கெடு தாண்டினால் வருமான வரியில் அந்தச் செலவை அந்த ஆண்டு கழிக்க முடியாது என்று 43பி(எச்) பிரிவு 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல் இறுக்கியது. ஆனால் பொருளும் வேலையும் கலந்த 'ஒர்க்ஸ் கான்ட்ராக்ட்' இந்த எம்எஸ்எம்இ பாதுகாப்புக்குள் வருமா என்பதில் உயர் நீதிமன்றங்களே மாறுபட்டுத் தீர்ப்பளித்திருக்கின்றன. கட்டுமானத்தில் பெரும்பாலானவை ஒர்க்ஸ் கான்ட்ராக்ட்தான் என்பது இதில் வேடிக்கை.

ஆகவே அந்த 4.32 லட்சம் கீழே உருளும். நகராட்சி மெயின் கான்ட்ராக்டருக்குத் தரவில்லை, அவர் சப்-கான்ட்ராக்டருக்குத் தரவில்லை, அவர் பிரேக்கர் ஓட்டியவருக்குப் பாதி கொடுத்துவிட்டு "அடுத்த வாரம்" என்கிறார். பிரேக்கர் ஓட்டியவர் யாருக்கும் நோட்டீஸ் கொடுக்க முடியாது.

சைட்டில் இருக்கும் பொறியாளருக்கு

சிவில் படித்துவிட்டு இந்தப் பக்கம் வரலாமா என்று யோசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கடிதம் டிராஃப்ட் செய்வது, ஒப்பந்தத்தைச் சுருக்குவது, பில்லைத் தட்டச்சு செய்வது போன்ற ஆரம்பக்கட்ட வேலைகளை மெஷின் எடுத்துக்கொள்ளும். ஒப்பந்தமும் தெரிந்து, சைட்டும் தெரிந்தவருக்கு மதிப்பு கூடும். ஆபீஸில் உட்கார்ந்து பிரிவு எண் மட்டும் சொல்பவரின் நிலைமை கொஞ்சம் கஷ்டம்தான்.

பாறை தெரிந்த அன்று செய்ய வேண்டியதற்குப் புதிய சாஃப்ட்வேர் எதுவும் தேவையில்லை. பாறையின் மேல்மட்டம் தெரிந்ததும் இரு தரப்பும் சேர்ந்து லெவல் எடுங்கள், வெட்டி முடித்ததும் அடிமட்டத்தில் இன்னொரு முறை. செயினேஜ் எண்ணைப் பலகையில் எழுதி, அளவுகோலோடு படம் எடுங்கள். மூலக் கோப்பை அப்படியே சேமித்து வையுங்கள். ஒரு பக்க ரெக்கார்டில் ஜூனியர் இன்ஜினீயரின் கையெழுத்து வாங்குங்கள். அவர் மறுத்தால், "இன்று காலை போனில் நீங்கள் சொன்னபடி பாறை வெட்டும் பணியைத் தொடங்குகிறோம்" என்று இரண்டு வரி ஈமெயில், அன்றைக்கே.

சாயங்காலம் பள்ளத்தை மூட டிப்பர் வந்துவிடும்.